வலைக்கணக்கு

மேசைமேல் இரண்டு வலைத்துண்டு வைத்தேன்.
திறந்து தைத்தால் நாலு விரல் கீறல்.
கேமரா விட்டால் மூன்று துளை,
வலை உட்புறம் படியும் என்று
படம் போட்டேன்.

செங்கோடன் படத்தைப் பார்க்கவில்லை.
கனத்த துண்டை ஜன்னலுக்குக் காட்டி
கட்டைவிரலால் கண்ணை விரித்தார்.
கரூரில் பத்தொன்பது வருஷம்
கொசுவலைத் தறி.

"பாவுப் பின்னலுங்க. ஓரம் பிரியாது.
ஆனா வெறப்பு சாஸ்தி,
குனிஞ்சா குத்துமுங்க."
மற்றதை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.
"இது காத்தாட்டம். இழுவை தாங்குமுங்களா?"

அதைத்தான் நாங்களும்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

பீம் தூக்கிய அன்று புடைத்த இடத்தை
வேட்டியோடு அழுத்தியபடி எழுந்தார்.
கதவருகில் நின்று,
"ஒன்றரை மாசம் பாரந் தூக்கக்கூடாதுன்னீங்களே,
அது ரெண்டு வலைக்கும் ஒரே கணக்குத்தானுங்களா?
மொதலாளி கேப்பாருங்க."