பதினோரு விநாடி

ஏழு பாட்டிலும் பேஸ் கிதார் வாசித்தவன் நான்.
கேட்டிருக்க மாட்டீர்கள்.
கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு
நானே என்னைத் தேடியிருக்கிறேன்,
உமிக் குவியலுக்குள் விழுந்த மோதிரம் போல.

களக்காட்டில்
வாழைக்காய் பழுக்கப் போடும் அறையில் பதிந்தோம்.
தார் தொங்கும் கொக்கியில் ஒரே ஒரு மைக்.
கொடைக்கு வாடகைக்குப் போகும் குழாய் ஸ்பீக்கர்
நம்பிராஜனின் கிதாருக்கு.
குழாய்க்கு அடிக்குரல் தெரியாது.
தகரத்தை ஆணியால் கீறும் உயரத்தில்தான்
அது பேசும்.
அவனோ மூன்றே சுரம்.
மணிக்கட்டு மட்டும் ஆட
ஒவ்வொன்றையும் நூறாய் நறுக்கி
மறுபடி ஒரே கோடாய் இழுத்தான்.
தள்ளி நின்றால் அசையாத சத்தம்.
காதைக் கொடுத்தால்
உள்ளே எறும்பு ஓடுகிறது.

கில்டஸ் உவரியில்
ஞாயிற்றுப் பூசைக்கு டிரம் அடிக்கிறவன்.
அங்கே ‘மெதுவா மெதுவா’ என்பார்கள்.
இங்கே யாரும் சொல்லவில்லை.
ஒற்றை மிதியை வைத்துக்கொண்டு
இரட்டைக் காலுக்குரிய வேகம்.
ஸ்னேரில் கம்பி தளர்ந்து
அடி விழுந்த பின்னும் மணல் சரிந்தது.
விரிசல் விட்ட சிம்பல்
சூடான சட்டியில் கல்லுப்பு.

பனிக்காட்டைப் பாடுவதற்கு எங்களிடம் பனி இல்லை.
ஆனிக் காற்று இருந்தது.
ஒரே ராத்திரியில்
குலை தள்ளிய தொள்ளாயிரத்துச் சொச்சம் வாழை முறிந்தது
ஆவுடைதங்கம் பாட்டத்துக்கு எடுத்த தோட்டத்தில்.
அவள்தான் பாடினாள்.
பாடினாள் என்று நான் சொல்கிறேன்;
பாளையங்கோட்டை மொபைல் கடைக்காரர்
‘ஏல, இது மழைச் சத்தமா?’ என்று கேட்டார்.
அலறலில் ழகரம் நிற்காது.
தாளில் ‘வாழை’ என்று எழுதியிருந்தாள்.
நாக்கு மடங்குவதற்குள் மூச்சு கிழிந்து
வெறும் ஆகாரமாய் வந்தது.
‘முறிந்தது’ மட்டும் தெளிவு,
அதிலும் அந்த றகரம்.

ஆறாவது பாட்டு. ராத்திரி இரண்டரை.
த்ரீ பேஸ் கரண்ட் வந்தது.
(அந்தப் பேஸுக்கும் என் பேஸுக்கும்
தமிழில் எழுத்து ஒன்றுதான்.)
ரோட்டுக்கு மேற்கே அத்தனை பம்புசெட்டும்
ஒருசேரப் பிடித்து இழுக்க
எங்கள் குண்டு பல்பு
முட்டைக்கரு நிறத்துக்கு இறங்கியது.
குழாய் கம்மியது. முனகியது. இல்லை.
நம்பிராஜனின் கை ஓடிக்கொண்டேயிருந்தது,
சத்தம்தான் வரவில்லை.

பிளக் பாயிண்ட் போதாமல்
என் பெட்டி டிராக்டர் பேட்டரியில் ஓடிற்று.
ரிக்கார்டருக்குக் கட்டை பேட்டரி.
டிரம்முக்குக் கரண்ட் வேண்டாம்,
தொண்டைக்கும்.

பதினோரு விநாடி.
அங்கே இருக்கிறேன்.
கிணற்றுக்குள் உருட்டிவிட்ட ஆட்டுரல் போலக்
கனமாய், உருண்டையாய்,
தப்பான கட்டையில்.

அரைச் சுரம் மேலே நின்றிருந்தது விரல்.
எப்போது தள்ளிப்போனது தெரியாது.
ஒருவேளை இரண்டாம் பாட்டிலிருந்தே.
யார் கேட்கப் போகிறார்கள் என்றுதானே
வாசித்துக்கொண்டிருந்தேன்.
திருத்தலாம் என்று தோன்றியபோது
ஸ்டெபிலைசர் ‘டக்’ என்றது.
(அதுவும் கேசட்டில் இருக்கிறது.)
குழாய் திரும்பி வந்து
என்னை மூடியது.

‘மறுபடி எடுப்போம்’ என்றான் நம்பிராஜன்.
கில்டஸ் தோளைத் தூக்க முடியாமல்
காலித் தார்களுக்கு நடுவே கிடந்தான்.
‘ஏன், என்ன ஆச்சு?’ என்றாள் ஆவுடைதங்கம்.
வெளிச்சம் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை.
அப்படியே விட்டோம்.

போன வாரம் அம்பையில் ஒருத்தன்,
அந்தக் கேசட்டை முழுசாகக் கேட்ட
முப்பது பேரில் ஒருத்தன்,
டீக்கடையில் கையைப் பிடித்துக்கொண்டான்.
‘ஆறாவதுல ஒரு இடம் வருதுல்லா,
காலுக்குக் கீழ தரையே வழுக்குத மாதிரி,
அத எப்படிவே யோசிச்சீரு?’

டீயை ஊதினேன்.
ஆறின பிறகும் ஊதினேன்.