காவல் கணு

அம்பகாமத்துக் காட்டோரம் எட்டு வருசம்
முழங்காலில் ஊர்ந்து சம்பளம் எடுத்தவள் நான்.
காலை ஆறரைக்குக் கருவியை எழுப்பி
சோதனைத் துண்டுக்கு மேல் ஒருமுறை வீசுவோம்.
கத்தினால் வேலை. கத்தாவிட்டால் பற்றரி மாற்று.
துண்டு என்றால் ஊசிமுனையளவு இரும்பு.
பிளாஸ்ரிக் உடம்புக்குள்
அவ்வளவுதான் இருக்கும்.

என் இடது முலையில் இருந்ததற்கு
அந்த அளவும் இல்லைப் போல.

குளிக்கும்போது கையில் பட்டது.
விளாம்பிஞ்சு மாதிரி, நோகாமல்.
நொந்திருந்தால் போயிருப்பேன்.
நாலு மாதம் கழித்துத்தான் போனேன்.

வவுனியாக் கிளினிக்கில் டொக்டர் தர்மினி
"காவல் இல்லையெண்டில்லை, வந்திருக்கு" என்று
ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பேனையால் தொட்டார்.
கட்டிக்குள் வெள்ளைக் கலங்கள். நிறைய.
வந்து, சூழ்ந்து, நின்றுவிட்டன.

ஏன் நின்றன என்று கேட்டேன்.

கட்டிக்கலம் தன் தோலில் ஒரு புரதத்தை நீட்டுமாம்.
வந்தவனின் கையைப் பிடித்து
நான் உன் ஆள் என்று சொல்லுமாம்.
சொந்த உடம்பைச் சுட்டுவிடாதிருக்க
உடம்பே வைத்திருக்கும் அடையாளம் அது.
கள்ளப் பாஸ் இல்லை, என்றார்.
நல்ல பாஸ். எங்கள் சீல்.

எனக்கு ஓமந்தை வந்தது.
தகரத் தடுப்புக்குள் ஒருத்தி
இதே முலையை அமத்திப் பார்த்த வெயில்.
எத்தனை தரம். எத்தனை கை.
ஒருத்தியும் எதையும் காணவில்லை.
அப்போது இருக்கவும் இல்லை, சத்தியமாக.
ஆனாலும் இன்றுவரை
என் கையே அங்கே போகத் தயங்கும்.
நாலு மாதத்தில் இரண்டு மாதம் அதற்கு.

டொக்டர் இன்னும் சொன்னார்.
சில கலங்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு
வெறும் வாசலோடு இருக்கும்.
குப்பை அள்ள வந்த விழுங்கிக் கலங்களை
சோறு போட்டுத் தன் பக்கம் எடுத்து
புது இரத்தக்குழாய் வெட்டுவிக்கும்.
(இதற்கு நான் சிரித்துவிட்டேன்.
எங்கள் பக்கம் இதற்கொரு பெயர் உண்டு.
அவருக்குச் சொல்லவில்லை.)

அக்குளின் முதல் நிணக்கணுவுக்குப் பெயர்
காவல் கணு.
நீல மை ஏற்றித் தேடினார்கள்.
நீலமாகவே கிடந்தது,
உள்ளே ஏழெட்டுக் கலம் குந்தியிருக்க
ஒரு சத்தமும் போடாமல்.

ஒரு ஊசி இருக்கிறது.
அது கட்டியைக் கொல்லாது.
பிடித்த கைக்கும் பிடிபட்ட கைக்கும் நடுவில் புகுந்து
பாஸைச் செல்லாததாக்கும், அவ்வளவுதான்.
மிச்சத்தை நின்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
சிலவேளை பார்க்காமலும் விடுவார்கள்.
சிலவேளை தைரொயிட்டையும் சேர்த்துச் சுடுவார்கள்.
விலை கேட்டேன்.
புளியங்குளத்தில் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வயல்.
அதை வித்தாலும் காணாது.
மகரகமவில் பெயர் பதிந்திருக்கிறார்கள்.

அதுவரை வழமையான மருந்து. தலைமயிர் கொட்டிவிட்டது.
ஹெல்மெட்டுக்கு வசதி என்று றெஜினா எழுதியிருந்தாள்.
என் பாதையில் இருபத்தேழாவது மீற்றரில்
நான் குத்திவந்த சிவப்புத் தடி
இன்னும் அப்படியே நிற்கிறதாம்.

நித்திரை வராத இரவில்
உள்ளே நிற்பவர்களை நினைப்பேன்.
குழம்பிப்போய்
பாஸைத் திருப்பித் திருப்பி வாசித்தபடி நிற்பார்கள்.
திட்ட மனம் வராது.
அம்பகாமத்தில் நானும் ஒருநாள்
கருவி கத்தாத இடத்தில்
முழங்காலை வைத்தவள்தானே.