கழித்தல் குறி

ஓசூர் மூக்கண்டப்பள்ளி ஷெட்டில் நிற்கும் மில்லிங் மெஷினுக்கு
என் மகளைவிட மூன்று வயது அதிகம்.
அதன் நினைவில் ஒரு போட்டோகூட நிற்காது.
முழு புரோகிராமையும் ஒரே மூச்சில் கொடுத்தால் துப்பிவிடும்;
குளுக்கோஸ் போலச் சொட்டுச் சொட்டாய்த்தான் ஏற்ற வேண்டும்.

போன வியாழக்கிழமை
பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பொறி தெறித்த நேரம்,
பதினெட்டு மீட்டர் கேபிளில் எங்கேயோ
ஒரு கழித்தல் குறி உதிர்ந்துபோனது.
இடப்பக்கம் போக வேண்டிய கட்டர்
வலப்பக்கம் போய் கிளாம்பைக் கடித்தது.
ஒரு சின்னக் கோடு. பதினோராயிரம் ரூபாய்.

பெங்களூரிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்தார்.
"கேபிளே வேண்டாம் மேடம், எல்லாம் காற்றில்."
வெல்டிங்கும் அந்தக் காற்றில்தானே என்றேன்.
அறுந்த வரியிலிருந்து மறுபடி தொடங்கத் தெரியுமா
உங்கள் சாஃப்ட்வேருக்கு?
ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
டீ வாங்கிக் கொடுத்தேன்.
விலைப்பட்டியல் டிராயருக்குள் போனது.

கடைசியில் எடுத்தது இவ்வளவுதான்:
கவசம் போட்ட கேபிள், மூன்றே மீட்டர்.
பழைய சாமான் கடையில் கிடைத்த, சீரியல் போர்ட் உள்ள லேப்டாப்;
ஜி எழுத்துப் பொத்தான் மட்டும் தேய்ந்திருந்தது,
யாரோ நம்மவர்தான்.
கேட்ட கேள்விக்கு ஆமாம் என்ற ஒரு சாஃப்ட்வேர்.
அனுப்பும் வேகத்தைப் பாதியாக்கினேன்.

முதல் ஓட்டத்தை
ஜாபுக்கு ஐம்பது மில்லி மேலே
வெறும் காற்றில் வெட்டினான் திம்மராயன்.
நான் திரையைப் பார்த்து நின்றேன்,
எண்களை அல்ல,
எண்களுக்கு முன்னால் வரும் கோடுகளை.

பக்கத்து ஷெட்டில் மறுபடி பொறி தெறித்தது.
திம்மராயன் கை
சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது.