எதிர்ப்பாரம்

மொன்றியலில் எனக்கு இரவு வேலை.
நின்றுபோன லிஃப்டுகளை நடக்க வைப்பது.
நடக்க என்றா சொன்னேன்? பதினெட்டு வருடமாகியும்
அதற்குச் சரியான வினைச்சொல் பிடிபடவில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் கோப்பை கழுவினேன்.
மகிழ்ச்சி என்று ஒரு சாமான் இருக்கிறது,
தவணைக்கு எடுத்துக் கட்டித் தீர்க்கலாம் என்று
நம்பியிருந்த காலம்.
வட்டி மட்டும் கட்டினேன்.

கயெத்தானுக்கும் எனக்கும் ஒரே வெள்ளை வான், ஒரே ஏணி.
மயூரதன் என்ற என் பெயர் அவன் வாயில் மாயூ.
கோபம் வந்தால் பீடம், கிண்ணம், நற்கருணைப் பேழை என்று
கோயில் சாமான்களைக் கொண்டே திட்டுவான்.
இந்த ஊர்ப் பழக்கம் அது.
முப்பது வருடமாய்ப் பூசைக்குப் போகாதவன்.
லிஃப்ட் கிணற்றில் இறங்குமுன் நான்
கருவிப்பெட்டியில் கிடக்கும் மருந்துக் குப்பியைத் திறந்து
திருநீறு பூசுவேன்.
"எனக்கும் கொஞ்சம் போடு,
கிரீஸ் என்று நினைத்துக்கொள்கிறேன்" என்பான்.
பகிடிதான்.
ஆனால் விடியும்வரை துடைக்கமாட்டான்.

லிஃப்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாது:
மோட்டார் உங்களைத் தூக்குவதில்லை.
நீங்கள் ஏறும்போது, உங்கள் முதுகுக்குப் பின்னால்,
ஓர் இரும்புப் பாரம் இறங்கிக்கொண்டிருக்கும்.
இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான்
மோட்டார் சுமக்கிறது.

மனைவி பிரிந்துபோன மாரியில்
நான் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.
கயெத்தான் தினமும் இரண்டு சாண்ட்விச்சோடு வந்தான்.
ஒன்றில் அவித்த முட்டை, அவனால் தின்னவே முடியாத அளவு மிளகாய்த்தூள்.
"கடைக்காரன் தவறாய்த் தந்துவிட்டான்" என்றான்.
மூன்று மாதம் தினமும் தவறிய கடைக்காரன்.

அதே மாரியில்தான், கோத்-தெ-நேஜ் பக்கம்,
பதினோராம் மாடியில் சல்வா.
சக்கர நாற்காலி. ஒன்பது நாளாய் லிஃப்ட் இல்லை.
எந்நேரமானாலும் தட்டுங்கள் என்று சொல்லியிருந்தாள்.
இரவு இரண்டரைக்குத் தட்டினோம்.
சால்வையைப் போர்த்திக்கொண்டு
சக்கரத்தைத் தானே உருட்டிக் கீழே வந்தாள்.
வாசல் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டுவதை
ஓர் ஐந்து நிமிடம் பார்த்தாள்.
"போதும்" என்று மேலே போய்விட்டாள்.

வானில் நாங்கள் கதைக்கவில்லை.
அன்றைக்கு வீட்டுக்கு வந்து
மாத்திரை போடாமல் நித்திரை கொண்டேன்.

சித்திரையில் கயெத்தானின் மகள் மோட்டுக்கு
தலையில் சத்திரசிகிச்சை.
ஆஸ்பத்திரி வாசலில், பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றவன்
"மாயூ, மலைக்கோயிலில் மரப்படி இருக்கிறதே,
முழங்காலில் ஏறுவார்களே.
எனக்கு முழங்கால் போய்விட்டது.
அவருக்கும் என்மேல் கோபமிருக்கும்.
நீ ஏறுவாயா?" என்றான்.

சூசையப்பர் எனக்கு அறிமுகமில்லை.
ஏறினேன். ஈர மரம்.
படிக்கொரு ஐந்தெழுத்து, வேறு மந்திரம் நான் அறியேன்.
நாற்பதாம் படியில் காற்சட்டை கிழிந்தது.
லிஃப்ட் திருத்துகிறவன் தவழ்ந்து ஏறுகிறான் பார் என்று
சிரிப்பு வந்தது, அதை அடக்கினேன்.
எழுபதுக்குமேல் எண்ணிக்கை தவறிற்று.
பக்கத்துக் கல்படியில் ஏதோ முனகல்.
கைப்பிடியில் தொங்கியபடி
கயெத்தான் என் கூடவே ஏறிக்கொண்டிருந்தான்,
படிக்கொரு கோயில் சாமானின் பெயர் சொல்லி.
திட்டினானா, வேண்டினானா,
நான் கேட்கவில்லை.

மோட் இப்போது நடக்கிறாள்.
இடது கை இன்னும் முழுதாய் வரவில்லை.
படியேறியதால்தான் பிழைத்தாள் என்று
நான் எங்கும் சொல்லவில்லை.

கரண்ட் போனால் லிஃப்ட் விழுந்துவிடும் என்று
எல்லோருக்கும் பயம்.
விழாது.
பிரேக் விலகி நிற்கத்தான் மின்சாரம் வேண்டும்.
அது நின்றால், பிரேக் தானாய்ப் பிடித்துக்கொள்ளும்.
இருட்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவில்,
உள்ளே ஆட்கள் கதவைத் தட்டத் தட்ட,
பிடித்தபடியே இருக்கும்,
நாங்கள் வரும்வரை.

வருவோம்.
வானைப் பனிக்குள்ளிருந்து தோண்டியெடுக்கத்தான்
கொஞ்சம் நேரமாகும்.