பொட்டலுக்கு எந்தச் சட்டி

தை மூன்றாம் நாள்
சிராவயல் பொட்டலில் கடை போட
என்னிடம் மூன்று சட்டிகள் இருந்தன.
கடைக்காரர் எஃகு என்றார், எங்களுக்கு இரும்பு.
மூன்றிலும் காந்தம் ஒட்டும்.
ஒற்றுமை அத்தோடு சரி.

செக்காலை ரோட்டில் வாங்கியது ஒன்று.
சுத்தியல் விழுந்த இடமெல்லாம்
அம்மைத் தழும்பாகத் தெரியும்.
குழிந்த அடி, இரண்டு காது.
மூன்று கல்லுக்கு நடுவில்
அடைக்கோழி மாதிரி அமர்ந்துகொள்ளும்.
நடுவில் எண்ணெய் குளம் கட்டும்,
அரைக் கரண்டி போதும்.
வெந்த கறியை மேட்டில் ஒதுக்கி
உரித்த வெங்காயத்தைப் பள்ளத்தில் தள்ளலாம்.
உப்புக்கறிக்கு இதை விட்டால் வேறில்லை என்பான்
கூட்டாளி சேவுகன்.
தூக்கத்தான் இரண்டு கை வேண்டும்
இரண்டு துணி வேண்டும்
அவசரம் இல்லாத மனசும் வேண்டும்.

அடுத்தது மிஷினில் சுழற்றி இழுத்த மெல்லிசு.
உள்ளே வட்ட வட்டமாகக் கோடுகள்.
நாலு சுள்ளிக்கே காய்ந்துவிடும்,
காய்ந்ததைச் சொல்லாமல் கருக்கிவிடும்.
பொட்டல் காற்று கொஞ்சம் திரும்பினால்
ஒரே ஆம்லேட்டில்
இந்தப் பக்கம் கரி, அந்தப் பக்கம் சளி.
வாங்கித் தின்றவர் முகத்தைப் பார்க்காமல்
சில்லறை கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது.
தங்கச்சி மகன் மெய்யப்பன் அனுப்பினான்.
தட்டை அடி, முழ நீளக் கைப்பிடி,
பிடியை இறுக்கிய மூன்று ஆணி.
"பெரிய ஹோட்டல்ல எல்லாம் இதுதான் பெரியம்மா."
பெரிய ஹோட்டலில் கருவேல விறகு எரிப்பார்களா
என்று நான் கேட்கவில்லை.
அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியை
நெருப்பு எட்டி எட்டி நக்கும்.
ஈரச் சாக்கு சுற்றித்தான் தொடவேண்டும்.
ஒருநாள் தீயை ஏற்றிவிட்டேன்,
டொக்கென்று ஒரு சத்தம்,
அடி நடுவில் உப்பிக்கொண்டது.
அன்றிலிருந்து எண்ணெய் நடுவில் நிற்பதில்லை,
கடன்காரனைக் கண்டதுபோல
ஓரத்துக்கு ஓடிவிடும்.
போதாததற்கு
ஒரு மாதம் நல்லெண்ணெய் தடவித் தடவி
நான் ஏற்றிய கறுப்பில்
சேவுகன் புளிக்குழம்பைக் கொதிக்க வைத்தான்.
சட்டி சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டியது.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆனாலும் காடைகள் கால் பரப்பிப் படுக்க
தட்டை அடிதான் தோது.
ஆறு காடை.
ஒரு பக்கம் சிவந்து, திருப்பும் நேரம்.
"ஏய்" என்ற சத்தம்தான் முதலில் வந்தது,
அப்புறம் புழுதி,
அப்புறம் செவலை.
கயிறு இல்லை, கழுத்தில் ஒரு துண்டு,
எங்கள் பெஞ்சைத் தாண்டலாமா வேண்டாமா என்று
அது யோசித்த மாதிரியே தெரியவில்லை.

யோசிக்காமல் நானும்
அந்த நீளப் பிடியைப் பற்றி
நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் ஏறியிருந்தேன்.
எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள்.
ஒரு கை டிரெய்லர் கம்பியில்,
ஒரு கையில் சட்டி,
சட்டியில் ஆறும் இருந்தன.
சேவுகன் வெறுங்கையோடு பின்னால் ஏறி வந்தான்.
கீழே உப்புக்கறிச் சட்டி
பம்பரமாகச் சுற்றி
கண்மாய்க் கரையில் போய்க் கவிழ்ந்தது.
மெல்லிசை மிதித்துவிட்டுப் போனது மாடு.
அது இப்போது தண்ணீர்க் குடத்துக்கு மூடி.

டிரெய்லரில் இருந்தவர்கள்
மாட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்,
அப்புறம் காடையைப் பார்த்தார்கள்.
மறுபக்கம் வேகாமலே நாலு விற்றுப்போனது.

சாயங்காலம் மெய்யப்பன் போனில் கேட்டான்,
சட்டி எப்படி இருக்கு பெரியம்மா?
"நல்லா ஓடுது" என்றேன்.
உள்ளங்கையில் கொப்புளம்
பிடியின் அகலத்துக்கு இருந்தது.

மறுநாள் மடங்கிய காதை
அடுப்புக் கல்லாலேயே தட்டி நிமிர்த்தி
குழிச் சட்டியில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்தது.
கறி அந்தப் பக்கமாகவே
சேர்ந்து வெந்தது.