பாம்பே குரூப், நாகலூர்

இரண்டாயிரத்து ஒன்பதில்
அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குப் பின்னால்
எட்டு கம்ப்யூட்டரும் ஒரு டேபிள் ஃபேனுமாக
பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது
ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து
அந்தப் பக்கத்தைச் செய்தேன்.
பெயர், ஊர், ரத்த வகை, செல் நம்பர்.
பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை.
உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான்
அப்போது எனக்குப் பெருமை.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

இப்போது ஜெராக்ஸ், பட்டா, பான் கார்டு.
பக்கம் மட்டும்
வருஷா வருஷம் நான் கட்டும் காசில்
எங்கோ யாருக்கோ திறந்து கிடக்கிறது.
சட்டம் வந்திருக்கிறது என்றார் மாடி வக்கீல்,
தட்டுவடை செட்டு கையில் இருந்தது.
ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும்.
எதற்கு என்று சொல்ல வேண்டும்.
வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.
"பேசாம மொத்தமா அழிச்சிருங்க, ஒரு பட்டன்தானே."
சொல்லிவிட்டு
கீழே சிந்திய பீட்ரூட் துருவலைச்
செருப்பால் ஓரம் தள்ளினார்.

அழிக்கவில்லை. கூப்பிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை மாதையன்
"ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.
நூற்று முப்பது எண்கள் உபயோகத்தில் இல்லை.
கொண்டலாம்பட்டி அர்த்தநாரி இறந்து ஆறு வருஷம்.
மகன் எடுத்தான்.
"அப்பா பேரே இருக்கட்டுங்க. எனக்கும் அதே பி நெகட்டிவ்தான்.
அர்த்தநாரியான்னு கேட்டா ஆமான்னுட்டு வந்துர்றேன்."
இதற்குச் சட்டம் என்ன சொல்கிறதென்று
நான் மாடிக்குப் போய்க் கேட்கவில்லை.

குகை நஸ்ரத் பானு
கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
"ஒருத்தன் எட்டு மாசம் ராத்திரி ராத்திரி கூப்பிட்டான்.
நம்பர் ஏதுன்னு கேட்டேன். உங்க லிஸ்ட்டுன்னு சொன்னான்.
அப்புறம் போனை அண்ணன் வாங்கி வச்சுக்கிட்டாரு,
ரெண்டு வருசம்."
எப்போது என்றேன்.
"பதிமூணுல."
அந்த வருஷம்தான் என்னைப் பற்றிப்
பேப்பரில் நாலு வரி வந்தது.
லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தேன்.
கழற்றிவிட்டேன்.
ஆணி இருக்கிறது.

பாம்பே குரூப் ஒரே ஒருத்தி.
ஜெயராக்கினி, நாகலூர்.
மூன்று நாள் அடித்தும் எடுக்கவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.
எஸ்டேட்டில் பல்பர் ஓடும் சத்தம்,
காப்பிப் பழத்தோல் புளித்த வாசனை.
கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
நான் நோட்டீசை வாசிக்க
அவள் தன் போனை நீட்டினாள்.
"பதினஞ்சு பதினாறு வருசத்துல
ரத்தம் வேணும்னு ரெண்டு பேரு.
ஒண்ணுக்குப் போனேன், கொடுத்தேன்.
இன்னொண்ணுக்கு மாசமா இருந்தேன், வேணாம்னுட்டாங்க.
கடன் வேணுமான்னு தினம் நாலு பேரு.
முடி வளர, வயிறு குறைய, பிளாட்டு வாங்க.
அதான் தெரியாத நம்பர்னா எடுக்கறதே இல்ல.
எல்லாரும் உங்ககிட்ட எடுத்ததா?"

தெரியாது என்றேன்.
"நீங்க எடுத்துட்டா அவங்ககிட்டயும் போயிருமா?"
போகாது.

பல்பரை அணைக்கச் சொல்லி உள்ளே கை காட்டினாள்.
சத்தம் நின்றதும்
சில்வர் ஓக்கில் ஏதோ பறவை கத்துவது கேட்டது.
"எடுத்துருங்க."

வண்டியைக் கிளப்பும்போது பின்னாலேயே வந்தாள்.
"ரத்தம்னா நேர்ல வந்து சொல்லுங்க.
வழிதான் தெரியுமில்ல."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
ஏற்கிறேன். மறுக்கிறேன்.
மறுப்பில் டிக் அடித்தேன்.
கடைசியாகச் சொன்னதற்கு இடம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஒண்டிக்கடை முக்கில் டீக்கு நின்றபோது
போன் அதிர்ந்தது.
வணக்கம் என்று
இனிஷியலோடு என் முழுப் பெயர்.
மூன்று லட்ச ரூபாய் கடன்.
எனக்கு
முன்கூட்டியே
ஒப்புதல் அளிக்கப்பட்டுவிட்டதாம்.