குழாய் கட்டாத நாள்

எட்டுக் குழாய், நாலு பெட்டி, ஒரு ஜெனரேட்டர்.
சாமநத்தம் கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டு
இடுப்பை நிமிர்த்தும்போது
ஜெசிந்தா டீச்சர் டார்ச்சை முகத்தில் அடித்தார்.
"இதையெல்லாம் யாருங்க கொண்டாரச் சொன்னது?"

நீங்கதான்.
நோட்டீசில் இருக்கிறதே:
காலை ஆறு, பறவைக் கணக்கு.
பத்து, மடைக் கல்லெழுத்து.
மதியம் பிள்ளைகளுக்குக் களிமண்.
மாலை ஒயிலாட்டம்.
அடியில் எறும்பெழுத்தில்
ஒலி ஒளி: பெரியகருப்பன், சிந்தாமணி.
பேரைப் போட்டால் வரத்தானே வேண்டும்.

அவர் பேசாமல் டார்ச்சைத் திருப்பினார்.
தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில்
கிளைக்கொரு வெள்ளை மூட்டை.
ஒரு மூட்டை
மஞ்சள் மூக்கை வெளியே எடுத்து
என்னைப் பார்த்தது.

"முட்டையில உக்காந்திருக்குங்க.
வாடகை முழுசாத் தர்றோம்.
சுவிட்ச மட்டும் தொடாதீங்க."

காதுகுத்து, கட்சிக் கூட்டம், கிடாவெட்டு.
இருபத்திரண்டு வருசத் தொழில்.
சும்மா இருக்கச் சொல்லிக் காசு கொடுத்தது
இந்தக் கண்மாய் ஒன்றுதான்.

சும்மா இருப்பது லேசில்லை.
கை அம்ப்ளிஃபயரைத் தேடுகிறது.
ஒரு நோட்டைக் கொடுத்து
எண்ணச் சொன்னார்கள்.
கூழைக்கடா முப்பத்தொன்று.
கரண்டிவாயன் ஒன்பது.
நாமக்கோழி எண்ண எண்ண முங்குகிறது,
கடன் வாங்கியவன் மாதிரி.

கண்ணில் எனக்குப் புரை விழுந்திருக்கிறது.
காது அப்படியில்லை.
எந்த ஒயரில் இரைச்சல் என்று
இருட்டில் சொல்வேன்.
அப்படித்தான் கேட்டது,
கொக்குச் சத்தத்துக்கு நடுவே
துருப்பிடித்த கீல் போல ஒரு குரல்.
கை நீட்டினேன்.
தொண்டியிலிருந்து படிக்க வந்த பிள்ளை, சஃப்ரின்,
பைனாகுலரை இறக்காமலே சிரித்தாள்.
"ஆலா, அண்ணே. எங்க ஊருல
வலைக்கு மேலயே சுத்தும்."
கடல் இங்கிருந்து பஸ்ஸில் மூணு மணி நேரம்.
எனக்குச் சட்டென்று
காற்றில் உப்பு இருக்கிறதா என்று
மூக்கை இழுத்துப் பார்க்கத் தோன்றியது.
சாணி வாசம்தான் வந்தது.

கல்லெழுத்து படிப்பவர் வரவில்லை.
பஸ் கிடைக்கவில்லையாம், பொங்கல் கூட்டம்.
பிள்ளைகள் மடைக்கல்லில் தாளை ஒட்டிக்
கரியைத் தேய்த்தார்கள்.
எழுத்தெல்லாம் வந்தது.
அர்த்தம் வரவில்லை.
ஆளுக்கொரு தாளைச் சுருட்டிக்கொண்டு
பொரிகடலை தின்னப் போனார்கள்.

சாயங்காலம் வார்டு மெம்பர் வந்தார்.
பழக்கதோசம், என் மைக்கை எடுத்து
ரெண்டு தட்டு தட்டி
"அலோ, அலோ" என்றார்.
மைக் செத்துக் கிடந்தது.
வெறும் தொண்டையில் மூன்று வாக்கியம் பேசினார்.
மூன்றும் புரிந்தன.
அவருக்கே ஆச்சரியம்.

பிறகு அவனியாபுரம் தையல் கம்பெனிப் பெண்கள்,
பதினாறு பேர்.
தவில் வேண்டாம் என்றதற்கு முதலில் முறைத்தார்கள்.
அப்புறம் ஒருத்தி குனிந்து சலங்கையைக் கழற்ற
ஒவ்வொருத்தியாக.
எல்லாம் என் ஒயர்ப் பெட்டிக்குள் வந்து விழுந்தன.
கைக்குட்டை எழும்புகிறது.
உள்ளங்கால் மண்ணைத் தொடுகிறது.
ஓரத்தில் நின்ற மாரியம்மாளுக்கு அடவு தப்பி
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
அந்தச் சிரிப்பு கடைசி ஆள் வரை கேட்டது.
பதினாறு துணியும் ஒன்றாய்ச் சுழன்றபோது
கருவேலங்கிளையில் ஒரு நாரை
றெக்கையை விரித்துப் பார்த்துவிட்டு
மடக்கிக்கொண்டது.

கட்டாத குழாய்களைத் திரும்ப ஏற்றினேன்.
கட்டியிருந்தால் இத்தனை கனம் இருக்காது.

மறுநாள் பனையூரில் உறியடி.
புளியமரத்தில் நாலு, கம்பத்தில் நாலு.
பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.
விழாக் கமிட்டிப் பையன் ஓடி வந்தான்.
"என்ண்ணே, சத்தமே பத்தல?"

இந்த வார்த்தையை யாரும்
என்னிடம் சொன்னதில்லை.
போய்ப் பார்த்தேன்.
திருகு பாதியில் நிற்கிறது.
நான்தான் வைத்திருக்கிறேன்.

கூட்டினேன்.
கூட்டும்போது ஒருமுறை
மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.